திறந்த அரசுத் தரவு: கதவைத் திறப்பவர் யார், காவல் காப்பவர் யார்?

மழையளவு, விளைபொருள் விலை, அஞ்சல் குறியீட்டு எண்கள், மருத்துவமனைகளின் பட்டியல் என அரசுத் துறைகள் திரட்டி வைத்திருக்கும் விவரங்கள் ஏராளம். அவை மக்களின் வரிப்பணத்தில் திரட்டப்பட்டவை. அவற்றுள் மறைத்து வைக்கத் தேவையில்லாதவற்றை, எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய வடிவில் பொதுவெளியில் வைப்பதையே 'திறந்த அரசுத் தரவு' என்கிறோம்.

பயிர்க்கடன் பெற்ற உழவர், புதிய கிளை தொடங்க இடம் தேடும் வணிகர், வீடு வாங்க எண்ணும் ஊழியர் என நம் வாடிக்கையாளர் பலருக்கும் இத்தரவு பயன்படும். ஆயினும் பணம் சார்ந்த ஒரு முடிவை அதன்மீது எடுக்கும் முன், அது எவ்வாறு நிர்வகிக்கப்படுகிறது என்பதை அறிந்துகொள்வது நலம்.

சட்டமும் கொள்கையும்

இதற்கான அடித்தளத்தை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இட்டது. விண்ணப்பித்துக் கேட்டால்தான் தகவல் என்னும் நிலையோடு அச்சட்டம் நின்றுவிடவில்லை. மக்கள் விண்ணப்பிக்கும் தேவையே குறையும் வண்ணம், பொது அதிகார அமைப்புகள் தாமாகவே தகவல்களை வெளியிட வேண்டும் என்று அதன் 4-ஆம் பிரிவு கூறுகிறது.

இந்த எண்ணத்தைத் தரவுகளுக்கு விரிவுபடுத்தியது, 2012-இல் நடுவண் அரசு அறிவித்த தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை. அதே ஆண்டில் திறந்த அரசுத் தரவுக்கான தேசிய வலைவாசல் தொடங்கப்பட்டது. தேசியத் தகவலியல் மையம் அதனை உருவாக்கிப் பராமரித்து வருகிறது.

பொறுப்பு யாருடையது?

வலைவாசலை நடத்துவது ஓர் அமைப்பு. தரவுக்குச் சொந்தக்காரர் வேறோர் அமைப்பு. இந்த வேறுபாடு முக்கியமானது. ஒரு தரவைத் திரட்டிய துறையே அதன் உரிமையாளராகத் தொடர்கிறது. ஒவ்வோர் அமைச்சகமும் துறையும் இதற்கென மூத்த அலுவலர் ஒருவரைத் தலைமைத் தரவு அலுவலராக நியமிக்க வேண்டும். எதை வெளியிடுவது, எப்போது புதுப்பிப்பது, பிழை சுட்டப்பட்டால் எவ்வாறு திருத்துவது ஆகியவை அவர் பொறுப்பில் அடங்கும்.

அனைத்துத் தரவுகளையும் ஒரே வாயிலில் விட்டுவிடுவதும் இல்லை. கொள்கை மூன்று வகை அணுகலை வரையறுக்கிறது. முதலாவது, எவரும் பெறத்தக்க திறந்த அணுகல். இரண்டாவது, பதிவு செய்தவர்கள் மட்டும் பெறத்தக்கது. மூன்றாவது, உரிய அனுமதியின்பேரில் மட்டும் கிடைக்கும் கட்டுப்படுத்தப்பட்ட அணுகல். இவற்றுக்கு அப்பால், பகிரவே கூடாதவற்றை ஒவ்வொரு துறையும் ஒரு விலக்குப் பட்டியலில் இட வேண்டும். விலக்கைப் பட்டியலிட்டுக் காட்டச் சொல்வதன் நோக்கம் தெளிவானது: காரணம் கூறாமல் எதையும் மறைத்துவிட இயலாது.

ஓர் எண், பல பொருள்

சந்தை விலையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நாட்டின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் அன்றாட விலைகளை வேளாண் அமைச்சகத்தின் 'அக்மார்க்நெட்' அமைப்பு திரட்டுகிறது. தேசிய வலைவாசலிலும் அவை கிடைக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்த விலை, உயர்ந்த விலை, பெரும்பான்மை விற்பனை நிகழ்ந்த விலை என மூன்று எண்கள் இருக்கும்.

ஒரு விளைபொருளின் உயர்ந்த விலை 2,400 ரூபாய் என்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஒரு குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கான விலை. கிலோவுக்குக் கணக்கிட்டால் 24 ரூபாய்தான். அதுவும் மிகச் சிறந்த தரத்தில் வந்த ஓரிரு மூட்டைகளுக்கு மட்டும் கிடைத்ததாக இருக்கலாம். அந்த எண்ணை நம்பி வருவாயைக் கணக்கிட்டுக் கடன் தவணையை முடிவுசெய்யும் உழவர், அறுவடைக் காலத்தில் இடர்ப்படுவார். பெரும்பான்மை விற்பனை விலையையும் சில வார விலைப்போக்கையும் பார்ப்பவர் நிதானமான முடிவுக்கு வருவார்.

எனவேதான் எண்ணோடு அதன் விளக்கமும் வெளியிடப்பட வேண்டும்: அலகு என்ன, திரட்டியவர் யார், எந்த நாளுக்குரியது, அடுத்து எப்போது புதுப்பிக்கப்படும் என்பன. விளக்கமில்லாத தரவு, தேதியில்லாத காசோலையைப் போன்றது. அச்சிட்ட தாளைப் படமெடுத்து வெளியிடுவதும் போதாது. கணினி நேரடியாகப் படித்துக் கணக்கிடத்தக்க அட்டவணை வடிவில் இருந்தால்தான், அதைக்கொண்டு செயலிகளையும் ஆய்வுகளையும் உருவாக்க இயலும்.

பயன்படுத்தும் உரிமையை 2017-இல் அறிவிக்கப்பட்ட இந்திய அரசின் திறந்த தரவு உரிமம் தெளிவாக்கியது. வணிக நோக்கத்துக்கும் தரவைப் பயன்படுத்தலாம். ஆனால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். தரவில் பிழையோ விடுபாடோ இருந்து அதனால் இழப்பு நேர்ந்தால், வழங்கிய துறை பொறுப்பேற்காது என்பதும் அவ்வுரிமத்தின் பகுதி. ஆகவே சரிபார்க்கும் கடமை பயன்படுத்துவோருக்கும் உண்டு.

திறக்கப்படாத கதவுகள்

நாட்டைப் பற்றிய விவரம் வேறு, தனி மனிதரைப் பற்றிய விவரம் வேறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் அளித்த பதில்கள் 1948-ஆம் ஆண்டின் சட்டத்தால் இரகசியமாகக் காக்கப்படுகின்றன. தொகுக்கப்பட்ட எண்ணிக்கைகளே வெளிவருகின்றன. பெயரை நீக்கினால் மட்டும் போதும் என்றும் கூறிவிட முடியாது. ஒரு சிற்றூரில் ஒரே ஒரு மருத்துவர் இருந்தால், அவ்வூர் மருத்துவர்களின் 'சராசரி' வருமானம் என்பது அவர் ஒருவரின் வருமானமே. 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இக்கவலையின் வெளிப்பாடே.

வங்கித்துறையில் இவ்விரு நிலைகளையும் காணலாம். மாவட்டவாரியான வைப்புத்தொகை, கடன் ஆகியவற்றின் மொத்தத் தொகைகளை இந்திய ரிசர்வ் வங்கி தன் பொருளாதாரத் தரவுத்தளத்தில் எவரும் காண வெளியிடுகிறது. ஆனால் உங்கள் கணக்கின் இருப்பு ஒருபோதும் பொதுத்தரவு ஆகாது.

இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைக்கு 2023 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'உத்கம்' வலைவாசல் எடுத்துக்காட்டு. உரிமை கோரப்படாத வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி அமைத்த இவ்வசதியில், கைபேசி எண்ணைப் பதிவு செய்து, கணக்கு வைத்திருந்தவரின் பெயரோடு அடையாள விவரம் ஒன்றையும் அளித்தே தேட முடியும். மறைந்த பெற்றோரின் மறந்துபோன வைப்பைப் பிள்ளைகள் கண்டறியவும் வேண்டும்; அயலார் துருவிப் பார்க்கவும் கூடாது. உரிமைக் கோரிக்கையை அந்தந்த வங்கியிலேயே, உரிய ஆவணங்களுடன் அளிக்க வேண்டும்.

வாடிக்கையாளர் கவனத்திற்கு

அரசுத் தரவைப் பயன்படுத்தும் முன் முகவரி 'கவ்.இன்' என முடிகிறதா எனப் பாருங்கள். தேதியையும் அலகையும் படியுங்கள். பிழை கண்டால் உரிய துறைக்குத் தெரிவியுங்கள்; பயன்படுத்துவோர் சுட்டிக்காட்டும்போதே தரவு செம்மை பெறுகிறது. திறந்த தரவைக் காண்பதற்கு எவரும் உங்கள் கடவுச்சொல்லையோ, ஒருமுறைக் கடவு எண்ணையோ, அட்டை விவரங்களையோ கேட்க மாட்டார்கள். கேட்டால், அது அரசின் கதவு அன்று, உடனே விலகிவிடுங்கள். ஐயம் எழுந்தால் உங்கள் கிளையை நேரில் அணுகுங்கள்.