காரின் புகை சொல்லும் சேதி

மாணவர்களே, காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது காரின் பின்னால் வரும் புகையைக் கவனித்திருக்கிறீர்களா? நாளை சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். என்ஜினுக்குள் என்ன கோளாறு என்பதை அதன் நிறமும் வாடையும் சொல்லிவிடும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்குச் சரியாக இருந்தால் பெரும்பாலும் நைட்ரஜன், கரியமில வாயு, நீராவி ஆகியவையே வெளியேறும். அவற்றுக்கு நிறம் கிடையாது. கணக்குப் பிசகினால்தான் புகை தெரியும்.

கறுப்புப் புகை: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. சரியாக எரியாத எரிபொருள் கரித்துகளாக வெளியேறுகிறது. காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம். எரிபொருள் தெளிப்பான் கசியலாம். ஆக்சிஜன் உணர்கருவி பழுதாகியிருக்கலாம். பெட்ரோல் வாடையும் சேர்ந்து வரும்.

நீலப் புகை: என்ஜின் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துபோனால் எண்ணெய் எரியும் அறைக்குள் புகுந்துவிடும். எண்ணெய் கருகும் வாடை வரும்.

வெள்ளைப் புகை: காலையில் முடுக்கியதும் மெல்லியதாக வந்து சில நிமிடங்களில் மறைந்தால் அது வெறும் நீராவி, கவலை வேண்டாம். அடர்த்தியாக, இனிப்பு வாடையுடன் தொடர்ந்து வந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் திரவம் உள்ளே கசிகிறது. தொடர்ந்து ஓட்டினால் என்ஜினே பாழாகிவிடும்.

அழுகிய முட்டை வாடை: இது ஹைட்ரஜன் சல்ஃபைடு. பெட்ரோலில் உள்ள சிறிதளவு கந்தகத்திலிருந்து வருகிறது. புகைக்குழாயில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய ஒரு சாதனம் நச்சு வாயுக்களை மாற்றித் தூய்மைப்படுத்துகிறது. அது பழுதானாலும், அதற்குள் எரியாத பெட்ரோல் மிகுதியாகப் புகுந்தாலும் இந்த வாடை எழும்.

வாடையே இல்லாத ஆபத்து

மிகக் கொடியது எந்த அடையாளமும் காட்டாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், உறக்கம், அதன்பின் மரணம். குளிர்சாதனத்துக்காக என்ஜினை அணைக்காமல் காருக்குள் உறங்கியவர்கள் மீண்டும் எழாத சம்பவங்கள் நம் நாட்டிலும் நடந்துள்ளன.

கறுப்புப் புகை விடும் காரில் இந்த வாயுவும் அதிகமாக உருவாகும். புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் அது காருக்குள் நுழையும். எனவே கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும் அறிகுறிகளை அலட்சியப்படுத்தாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• புகையைத் தள்ளி நின்றே பாருங்கள். குழாயருகே முகர வேண்டாம்.

• காரை முடுக்கியதும் ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை நிறத்தைக் குறித்து, பட்டறையில் சொல்லுங்கள். அங்கே கருவியால் வாயுக்களின் அளவைச் சோதிப்பார்கள்.

• காருக்குள் புகை வாடை வந்தால் கண்ணாடிகளை இறக்கி, காரை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து இறங்கிவிடுங்கள்.

• மூடிய கொட்டகையில் என்ஜினை ஓடவிடாதீர்கள்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில் அப்பா களைத்துப்போய்க் காரிலேயே கண்ணயர்ந்தால், என்ஜினை அணைக்கச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.