தூரத்துக் குரலும் வீட்டு இரைச்சலும்

சிற்றலை வானொலி கேட்பதில் ருசி கொண்டவர்கள், தூரதேசத்து நிலையம் ஒன்று தங்கள் பெட்டியில் தெளிவாக வராமற்போகும்போது, பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்துவிடுகிறார்கள். பெட்டி போதாது, இதைவிட உயர்ந்ததாக ஒன்று வாங்கவேண்டும் என்பது ஒன்று. ஏரியல் போதாது, இன்னும் நீளமான கம்பியை இன்னும் உயரத்தில் கட்டவேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தவறென்று தள்ளிவிடுவதற்கில்லை. ஆயினும், இவற்றில் பணத்தையும் பிரயாசையையும் செலவிடுவதற்கு முன்னால் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறதென்பதையும், அதைச் செய்யாதவரையில் மற்ற இரண்டினாலும் விளையும் பிரயோஜனம் சொற்பமே என்பதையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன். நம் வீட்டுக்குள்ளேயே உற்பத்தியாகும் மின் இரைச்சலைத் தேடிக் கண்டுபிடித்து அடக்குவதுதான் அந்தக் காரியம்.

வால்வு ரேடியோக்கள் கோலோச்சிய 1950-களில், அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்களை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்திருந்த நாட்களில், கொழும்பிலிருந்து சிற்றலையில் வந்த இலங்கை வானொலியைத் தமிழ்நாட்டு ஜனங்கள் ஆவலோடு கேட்டு வந்தார்கள். கூடத்தின் குறுக்கே கட்டிய செம்புக் கம்பியோ பட்டையோதான் அநேக வீடுகளில் ஏரியலாக இருந்தது. அவ்வளவு எளிய சாதனம் போதுமானதாக இருந்ததற்கு முக்கியமான காரணம், அந்த வீடுகளில் இரைச்சல் எழுப்பும் சாமான்கள் மிகக் குறைவு என்பதே. இழை பழுத்து வெளிச்சம் தரும் குண்டு பல்பினால் வானொலிக்கு ஒரு தீங்குமில்லை. இன்று அதன் இடத்தைப் பிடித்திருக்கும் எல்.இ.டி. விளக்கோ, தன் அடிப்பாகத்தில் ஒளித்துவைத்திருக்கும் சிறிய மின்சுற்றில் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிச் சேர்க்கிறது; அவ்வாறு வெட்டுவதனால் பிறக்கும் அலைகள் மடங்கு மடங்காக மேலேறிச் சிற்றலைப் பிரதேசம் முழுவதிலும் பரவிவிடுகின்றன. கைப்பேசி சார்ஜர், மடிக்கணினியின் அடாப்டர், தொலைக்காட்சி, செட்-டாப் பாக்ஸ், இண்டர்நெட் மோடம், இன்வெர்ட்டர், மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஆகியவையும் ஏறக்குறைய இதே ஸ்வபாவமுடையவை.

காதுக்குத் தெளிவைக் கொடுப்பது சிக்னலின் பலம் மட்டும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அதைக் கொடுப்பது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வேயாகும். சந்தைச் சந்தடியின் நடுவே தூரத்தில் நிற்பவர் பேசுவதைக் கேட்பதற்காகக் காதில் ஒரு குழலை வைத்துக்கொண்டால், அவருடைய குரலோடு சந்தையின் கூச்சலும் சேர்ந்தே பெருகுமல்லவா? வீட்டு இரைச்சலை அப்படியே விட்டுவிட்டு ஏரியலை நீட்டுவதும் அத்தகையதே. அன்றியும், ஏறக்குறைய 20 மெகா ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஓரளவு நல்ல பெட்டி எதுவாயினும், வெளியிலிருந்து வந்து சேரும் இரைச்சல் பெட்டிக்குள் பிறக்கும் இரைச்சலைவிட அதிகமாகவே இருப்பதால், வெறும் பெருக்கத்தினால் மட்டும் நாம் அடையக்கூடியது அதிகமில்லை.

இரைச்சலைத் தேடும் முறை மிகச் சுலபமானது. பாட்டரியில் இயங்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு, மாலை வேளையில், நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்தி, வீட்டின் மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்தாக வேண்டும், ஏனெனில் மெயின் நின்ற மறுகணமே அது விழித்துக்கொண்டு தன் பங்குக்கு ஓர் இரைச்சலைத் தொடங்கிவிடும். அப்போது பெட்டியின் இரைச்சல் சட்டென்று தணிந்தால், குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்பது நிச்சயம். பிறகு மின்சாரத்தை ஒவ்வொரு பிரிவாகத் திரும்பக் கொடுத்து, எந்தப் பிரிவில் இரைச்சல் எழுகிறதென்று பார்த்து, அந்தப் பிரிவிலுள்ள விளக்குகளையும் சாமான்களையும் ஒவ்வொன்றாக அணைத்து வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் முழுப் பட்டியலும் கைக்கு வந்துவிடும். மலிவான ஒரு விளக்கோ, வேலையின்றிச் சுவரில் சொருகிக் கிடக்கும் ஒரு சார்ஜரோ பாதிக் குற்றத்துக்குப் பொறுப்பாளி என்று தெரியவருவது சகஜம். விளக்கை மாற்றலாம், சார்ஜரைக் கேட்கும் நேரத்தில் பிடுங்கி வைக்கலாம், பிடுங்க முடியாத மோடம் முதலியவற்றின் மின்வயரை ஒரு ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் அதன் கூச்சல் கணிசமாக அடங்கும். மெயினை அணைத்தும் இரைச்சல் தணியவில்லையானால், அது அண்டை வீட்டிலிருந்தோ தெருவின் மின்கம்பியிலிருந்தோ வருவதாகும். கம்பத்துப் பீங்கான்களில் உண்டாகும் பொறியினால் எழும் சடசடப்பு, வறண்ட நாட்களில் மிகுந்தும் மழை பெய்தவுடன் குறைந்தும் காணப்படுவதுண்டு. அதை மின்வாரியத்துக்குத் தெரிவிப்பது ஊருக்கும் க்ஷேமம்.

இவ்வாறு வீட்டை அடக்கிய பிறகுதான் ஏரியலைப் பற்றி நினைக்கவேண்டும். கான்கிரீட் கட்டடத்தின் இரும்புக் கம்பிகள் அலைகளைப் பெரிதும் மறைத்துவிடுவதால், பெட்டியை உள்ளறையிலிருந்து ஜன்னலோரத்துக்குக் கொண்டுவருவதே முதல் சீர்திருத்தம். கையடக்கப் பெட்டியாயின், நான்கைந்து மீட்டர் மெல்லிய வயரை ஜன்னல் வழியே வெளியே விட்டு, உள்முனையை இழுப்புக் குச்சியில் ஒரு கிளிப்பினால் மாட்டினாலே போதும். அதற்கு மேல் நீளமான கம்பியை நேரே மாட்டினால், சிறிய பெட்டி பல நிலையங்களின் பலத்தைத் தாங்கமாட்டாமல், இல்லாத இடங்களிலெல்லாம் பொய்க் குரல்களை எழுப்பத் தொடங்கும். அத்தகைய சமயத்தில், கம்பியைக் குச்சியைத் தொடாமல் அதன்மேல் உறையோடு சில சுற்றுக்கள் சுற்றி வைப்பது நல்ல உபாயம்.

மொட்டைமாடியை உடையவர்கள் பாக்கியசாலிகள். பத்து முதல் பதினைந்து மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பியை இருமுனைகளிலும் பீங்கான் இன்சுலேட்டரோ நைலான் கயிறோ கொண்டு கட்டி, வீட்டு மின்வயர்களிலிருந்து எட்டினவரையில் விலக்கி அமைத்து, அங்கிருந்து அறைக்குச் சாதாரண வயருக்குப் பதிலாகக் கோ-ஆக்ஸியல் கேபிளில் சிக்னலை இறக்கவேண்டும்; ஏனெனில் சாதாரண வயர், மாடியில் கிடைத்த சுத்தமான சிக்னலோடு, கீழே இறங்கிவரும் வழியிலுள்ள அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வரும். கம்பியும் கேபிளும் சேருமிடத்தில், ஃபெரைட் வளையமொன்றில் ஒருபுறம் ஒன்பது சுற்றும் மறுபுறம் மூன்று சுற்றுமாகச் சுற்றிய சிறு டிரான்ஸ்ஃபார்மரை வைத்தால் இரண்டும் பொருந்தி நிற்கும். அதன் எர்த்துக்கு, ஈரமுள்ள மண்ணில் இரண்டு மீட்டர் நீளக் குழாயொன்றைத் தனியாக அடிப்பதே உசிதம். சுவர் பிளக்கின் எர்த்தை உபயோகித்தால், எந்த இரைச்சலை விரட்டினோமோ அதையே விருந்துக்கு அழைத்தவர்களாவோம். குறிப்பிட்ட ஒரு பாண்டில் மட்டும் விசேஷப் பிரீதி உடையவர்கள், அந்த அலைநீளத்தில் பாதியைவிடச் சற்றுக் குறைந்த கம்பியை நடுவில் வெட்டி டைபோலாக அமைக்கலாம். 31 மீட்டர் பாண்டுக்கு இருபுறமும் ஏழரை மீட்டர் சரியாக இருக்கும்.

மாடியில் உரிமையில்லாத அடுக்குவீட்டுக்காரர்களுக்கு வளைய ஏரியல் ஒரு வரப்பிரசாதம். ஒரு மீட்டர் விட்டமுள்ள செம்புக் குழாய் வளையத்தின் வாயில் பழைய வானொலியின் கேங் கண்டென்சரை இணைத்து, உள்ளே ஐந்தில் ஒரு பங்கு விட்டமுள்ள சிறு வளையத்தின் மூலம் பெட்டிக்குச் சிக்னலை எடுத்தால், ஏறக்குறைய 5 முதல் 15 மெகா ஹெர்ட்ஸ் வரையில் அது வேலை செய்யும். வளையத்தை மெல்லத் திருப்பினால், பக்கத்திலிருந்து வரும் இரைச்சல் ஒரு நிலையில் அமுங்கிப்போகும். வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் தூரத்து சிக்னலோ அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கே வற்புறுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏரியல் கம்பியை எக்காரணங்கொண்டும் மின்கம்பிகளுக்கு மேலாகவோ கீழாகவோ கொண்டுபோகலாகாது. அறுந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. கோடை இடிமழைக் காலத்திலும், ஐப்பசி கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையிலும், இடி முழக்கம் கேட்பதற்கு முன்பே, வானம் கறுத்தவுடன் ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடவேண்டும்.

இனி, மனிதன் அடக்கவோ பெருக்கவோ முடியாத விஷயம் ஒன்று உண்டு, அது ஆகாசம். 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிச் செய்தி பெற்றபோது, நேர்க்கோட்டில் செல்லவேண்டிய அலை பூமியின் வளைவைத் தாண்டியது எவ்வாறு என்பது புதிராக இருந்தது. மறு வருஷமே கென்னலி, ஹெவிசைடு என்ற இரு விஞ்ஞானிகள், மேலே மின்தன்மையுள்ள ஓர் அடுக்கு இருக்கவேண்டுமென்று தனித்தனியாக ஊகித்தார்கள். ஆப்பிள்டன் 1924-இல் செய்த பரிசோதனைகளால் அதை நிரூபித்து, 1947-இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1947-இல், கல்கத்தாவின் சிசிர்குமார் மித்ரா மேல்வாயு மண்டலத்தைப் பற்றி எழுதிய பெருநூல் வெளிவந்தது. அயனி மண்டலம் எனப்படும் இந்தப் பிரதேசத்தில், சூரிய வெளிச்சத்தால் தாழ்வில் உண்டாகும் ஓர் அடுக்கு பகலில் தாழ்ந்த அலைவெண்களை விழுங்கிவிட்டு, அஸ்தமனத்துக்குப் பின் மறைந்துபோகிறது; அதற்கு வெகு மேலேயுள்ள அடுக்கோ இரவிலும் நிலைத்து நின்று, அலைகளைப் பூமிக்கு வளைத்து அனுப்புகிறது. ஆகையால், பகலில் 19, 16 மீட்டர் பாண்டுகளையும், இரவில் 49, 41, 31 மீட்டர் பாண்டுகளையும் தேடவேண்டும். 25 மீட்டர் இரண்டுக்கும் இடைப்பட்டது. மெகா ஹெர்ட்ஸில் சொல்லப்படும் எண்ணால் 300-ஐ வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைத்துவிடும்.

சூரியனில் கறைகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கொரு முறை பெருகிச் சிறுக்கின்றன. பெருகிய ஆண்டுகளில் உயர்ந்த பாண்டுகள் உயிர்பெற்று விளங்கும். கோடைக்கானல் வானாய்வு நிலையத்தில் 1904 முதல் எடுத்துவரும் சூரியப் படங்கள் இந்த ஏற்ற இறக்கத்துக்குச் சாட்சி. தென்னிந்தியாவுக்கென்றே ஒரு விசேஷமும் உண்டு. 1963-இல் தும்பாவில் ராக்கெட் நிலையம் அமைவதற்குக் காரணமாயிருந்த காந்த மத்தியரேகை நமக்கு வெகு அருகில் செல்வதால், அஸ்தமனத்துக்குப் பிந்திய சில மணி நேரங்களில் மேலடுக்குக் குலைந்து, நல்ல பலத்தோடு வரும் குரல்கூடப் படபடவென்று நடுங்குவதுண்டு. அதைப் பெட்டியின் கோளாறென்று எண்ணி ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம்; நள்ளிரவை நெருங்கும்போது பெரும்பாலும் தானே தணிந்துவிடும்.

அன்றைய வானத்தின் நிலையை அறிய, சீனாவின் ஷான்ஸி மாகாணத்திலிருந்து 5, 10, 15 மெகா ஹெர்ட்ஸ்களில் ஒலிக்கும் நேரக்குறிப்பு நிலையத்தைத் தேடிப் பார்க்கலாம். விநாடி தோறும் எழும் அதன் துடிப்பு எந்த இடத்தில் நன்றாகக் கேட்கிறதோ, அதையடுத்த பாண்டுகள் அப்போது கிழக்குத் திசைக்குத் திறந்திருக்கின்றன என்று கொள்ளலாம். நிலையங்கள் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் அலைவெண்களை மாற்றிக்கொள்வது வழக்கமாகையால், பழைய பட்டியலை நம்பி ஏமாறலாகாது.

பெட்டியைத் திருப்பும் விரலுக்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். சிற்றலை நிலையங்கள் ஐந்து கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருங்கி நிற்பதால், ஒரு பக்கத்து நிலையம் மேலே விழுந்து மறைத்தால், முள்ளை எதிர்ப்பக்கமாக ஒன்றிரண்டு கிலோ ஹெர்ட்ஸ் நகர்த்திக் கேட்கவேண்டும். எஸ்.எஸ்.பி., அதாவது அலையின் ஒரு பக்கப் பட்டையை மட்டும் பிரித்துக் கேட்கும் வசதியுள்ள பெட்டியில் இடையூறு இல்லாத பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்டால், மங்கியும் சிதைந்தும் வந்த பேச்சு புரியும் நிலைக்கு வந்துவிடும். அதே வசதியைக்கொண்டு, 7000 முதல் 7200 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலுள்ள பகுதியில், அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தமிழிலேயே குசலம் விசாரித்துக்கொள்வதையும் கேட்கலாம்.

கேட்டதை நிலையத்துக்கு எழுதித் தெரிவித்து, அத்தாட்சி அட்டை பெறுவது இப்பொழுதுபோக்கின் பழமையான இன்பங்களில் ஒன்று. சிக்னலின் பலம், பிற நிலையத்தின் இடையூறு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத் தகுதி ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுத்து, 45434 என்பதுபோல் ஐந்து இலக்கங்களில் எழுதுவது மரபு. ஐந்து என்பது மிக நன்று, ஒன்று என்பது மிக மோசம். நேரத்தை உலகப் பொதுநேரத்தில், அதாவது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்துக் குறிக்கவேண்டும். இம்மதிப்பெண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒழுங்காக எழுதி வருபவர், ஏரியலில் செய்த மாற்றம் உண்மையில் நன்மை பயத்ததா அல்லது வெறும் மனப்பிராந்தியா என்பதைத் தாமே தீர்மானிக்க முடியும்.

பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017-இல் நின்றது. வேறு பல நாடுகளும் சிற்றலையைக் கைவிட்டு வருகின்றன. இருந்தும், கேட்கத் தகுந்தவை இன்னும் பாக்கியிருக்கின்றன. அவற்றைக் கேட்க விரும்பும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: புதிய பெட்டிக்குப் பணம் எடுத்துவைப்பதற்கு முன்னால், ஒரு நாள் மாலையில் வீட்டின் மெயினை அணைத்துவிட்டு, கைவசமுள்ள பெட்டியைப் பாட்டரியில் கால்மணி நேரம் கேட்டுப்பாருங்கள். அப்போது கேட்பதே அந்தப் பெட்டியின் மெய்யான திறமை. அதற்கும் நீங்கள் தினந்தோறும் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதியை, அநேகமாகக் காசு செலவில்லாமலே திரும்பப் பெற்றுவிடலாம்.