பொருள் தெரிந்ததே குற்றம்!
லண்டனைக் கலக்கிய போர்க்கால வழக்கு

1918-ம் ஆண்டு மே மாதம். முதல் உலகப்போர் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகப்போகின்றன. பிரான்சில் ஜெர்மன் படை முன்னேறிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் வீடுதோறும் சாவுச் செய்தி. இத்தனை உயிரைக் கொடுத்தும் வெற்றி ஏன் வரவில்லை என்று மக்கள் குமுறினார்கள்.

அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார், நோயல் பெம்பர்ட்டன் பில்லிங். சுயேச்சை பார்லிமெண்டு உறுப்பினர். சொந்தமாகப் பத்திரிகையும் நடத்தினார்.

47 ஆயிரம் பெயர்கள்

ஒழுக்கம் தவறிய 47 ஆயிரம் ஆங்கிலேயரின் பெயர்கள் ஜெர்மானியரிடம் ஒரு கறுப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. அவர்களை மிரட்டியே எதிரி ரகசியங்களைக் கறக்கிறான் என்று அந்தப் பத்திரிகை எழுதியது. ஆணை விரும்பும் ஆணும், பெண்ணை விரும்பும் பெண்ணும் தேசத்துரோகிகள் ஆனார்கள்.

அடுத்துச் சிக்கியவர், நடனக்காரி மாட் ஆலன். கனடாவில் பிறந்தவர். பெர்லினில் படித்தவர். 1908-ல் 'சலோமி' நடனத்தால் லண்டனையே மயக்கியவர். ஆஸ்கார் வைல்டின் 'சலோமி' நாடகத்தில், சந்தாதாரர்களுக்கு மட்டுமான காட்சியில் அவர் நடிப்பதாக அறிவிப்பு வந்தது. உடனே பில்லிங்கின் பத்திரிகை, பெண்ணுறுப்பு ஒன்றின் மருத்துவப் பெயரைத் தலைப்பில் போட்டுச் செய்தி வெளியிட்டது. ஆலன் ஒரு 'லெஸ்பியன்', பார்க்க வருபவர்கள் அந்த 47 ஆயிரத்தைச் சேர்ந்தவர்கள் என்பதே அதன் உட்பொருள்.

ஆலன் அவதூறு வழக்குத் தொடர்ந்தார்.

விரித்த வலை

'ஓல்டு பெய்லி' கோர்ட்டில் பில்லிங் தானே வாதாடினார். அந்தச் சொல்லின் பொருள் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் ஆலன். அதுவே வினையாயிற்று! டாக்டர்களுக்கு மட்டுமே தெரிந்த சொல் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று வாதம் திரும்பியது. தெரியாது என்றிருந்தால், புரியாத சொல்லால் என்ன அவமானம் என்று கேட்டிருக்கலாம். எப்படிச் சொன்னாலும் தப்ப வழியில்லை. 1898-ல் அமெரிக்காவில் கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட அண்ணனின் கதையும் இழுக்கப்பட்டது.

கறுப்புப் புத்தகம் கோர்ட்டுக்கு வரவே இல்லை. விசாரித்த நீதிபதியின் பெயரே அதில் இருப்பதாக ஒரு சாட்சி சொன்னார்! ஆனாலும் ஜூன் 4-ந் தேதி பில்லிங் விடுதலையானார். கூட்டம் ஆரவாரம் செய்தது.

போர் முடிந்த பிறகு

1921-ல் பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு காமன்ஸ் சபையில் நிறைவேறியது. பிரபுக்கள் சபை அதை நிராகரித்தது. இரக்கத்தால் அல்ல. அப்படி ஒன்று இருப்பதையே அறியாத பெண்களுக்குச் சட்டமே அதைச் சொல்லிக்கொடுத்துவிடும் என்ற பயம்!

1928-ல் ராட்கிளிஃப் ஹால் என்ற பெண் எழுத்தாளரின் 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' நாவல் வெளிவந்தது. கதாநாயகி பெண்ணை நேசிப்பவள். போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டிப் பதக்கம் பெறுபவள். புத்தகத்தை அழிக்கும்படி மாஜிஸ்திரேட் சார்ட்டர்ஸ் பைரன் உத்தரவிட்டார். போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய நல்ல பெண்களிடையே இப்படிப்பட்டவர்கள் இருந்ததாக எழுதியதை அவர் குறிப்பிட்டுக் கண்டித்தார்.

பெண்ணை நேசிப்பவள் நாட்டைக் காட்டிக்கொடுப்பவள் என்று 1918-ல் சொன்னவருக்கு விடுதலை கிடைத்தது. அவளும் நாட்டுக்காக உழைத்தாள் என்று 1928-ல் சொன்ன புத்தகத்துக்கோ தண்டனை கிடைத்தது.