விநாடி முள் உள்ள கடிகாரம் போதும்

"நிமோனியாவா? அப்போ ஐ.சி.யூ.ல சேர்க்கணுமா டாக்டர்?" கொரோனாவுக்குப் பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிமோனியா என்று நான் எழுதும் பெரியவர்களில் பெரும்பாலோர் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் போகிறார்கள். யாரை அப்படி அனுப்பலாம், யாரை 108-இல் ஏற்ற வேண்டும் என்று பிரிப்பதில்தான் என் வேலையே இருக்கிறது.

அதற்கு நான்கு விஷயம் பார்ப்பேன். பேச்சில் குழப்பம் இருக்கிறதா? நிமிடத்துக்கு 30 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குகிறாரா? ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே, அல்லது கீழ் அளவு 60-க்கு மேல் போகாமல் இருக்கிறதா? வயது 65 ஆகிவிட்டதா? எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் வீட்டிலேயே சமாளிக்கலாம். ஒன்றிரண்டு இருந்தால் பெரியாஸ்பத்திரியைப் பற்றி யோசிப்பேன். மூன்று இருந்தால் யோசிக்க நேரமில்லை. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியையும் பார்த்துக்கொள்வேன்.

இவற்றில் எல்லோரும் கோட்டைவிடுவது மூச்சை எண்ணுவதைத்தான். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது சரிப்படாது. முழு நிமிடமும் எண்ண வேண்டும். குழந்தையென்றால் அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பார்த்து எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40: இந்த அளவைத் தொட்டாலே வேகமான மூச்சு, அன்றைக்கே காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வயதானவர்கள் வேறு மாதிரி ஏமாற்றுவார்கள். "காய்ச்சலே இல்லைங்க. நேத்துலேருந்து சாப்பிடல, என்னை எங்க நாத்தனார் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க" என்று ஒரு மருமகள் மாமியாரை அழைத்து வந்தார். சத்து ஊசி போட்டால் போதும் என்பது அவர் எண்ணம். எண்ணிப் பார்த்தேன்: 34. உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம்.

வீட்டுக்கு அனுப்பும் பெரியவருக்குப் பெரும்பாலும் பழைய அமாக்ஸிசிலின்தான், ஒவ்வாமை இல்லையென்றால். தேறிவருபவருக்கு ஐந்து நாள் போதும். மூன்றாம் நாளும் காய்ச்சல் அடங்கவில்லை என்றால் திரும்ப வரச் சொல்வேன். மருந்து விலை உயர உயர நோய் சீக்கிரம் ஓடும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்கும் லெவோஃப்ளாக்சசினில் இன்னொரு வம்பு உண்டு: காசநோயாக இருந்தால் அதைத் தற்காலிகமாக அமுக்கி, கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கிவிடும். இரண்டு வாரம் தாண்டிய இருமலென்றால் முதலில் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். இருமல் ஆறு வாரம்வரை இழுக்கலாம், அசதி மூன்று மாதம்கூட இருக்கலாம். அதற்காக இரண்டாவது கோர்ஸ் கேட்காதீர்கள். பீடியை விடச் சொன்னால் மட்டும் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள்!

நிமோனியாவை அதிகம் உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி, 2021 முதல் தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாம் மாதம். உங்கள் வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.