சென்னைக்குக் கடற்காற்று எப்போது வரும்?

"நாளை சென்னையில் வெப்பநிலை 41 டிகிரியை எட்டக்கூடும்" என்று வானிலை அறிக்கை சொல்கிறது. மறுநாள் மயிலாப்பூரில் இருப்பவர், "அப்படியொன்றும் இல்லையே!" என்கிறார். மீனம்பாக்கத்தில் வேலை பார்ப்பவர், "அதற்கு மேலும் கொளுத்தியதே!" என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒரே ஊரில் இந்த வேறுபாடு எப்படி வந்தது?

காலையில் வெயில் ஏறத் தொடங்கியதும் நிலம் விரைவாகச் சூடாகிறது. கடல் அப்படியல்ல. நீரைச் சூடாக்க வெப்பம் மிகுதியாகத் தேவை. போதாக்குறைக்கு, அலைகள் மேல்நீரையும் கீழ்நீரையும் ஓயாமல் கலந்து, வந்த வெப்பத்தை ஆழத்துக்கும் பங்கிட்டுவிடுகின்றன. மே மாதத்தில் வங்கக் கடலின் மேற்பரப்பு சுமார் 30 டிகிரியில் இருக்கும்போது, வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 50 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து மேலெழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. இதைத்தான் கடற்காற்று என்கிறோம்.

இக்காற்று ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. மயிலாப்பூரும் அடையாறும் கடலை ஒட்டியவை. அங்கே முதலில் வருகிறது. பிறகு தியாகராய நகர், அதற்கும் பிறகு மீனம்பாக்கம். வந்த இடத்தில் வெப்பநிலை சிறிது நேரத்திலேயே சில டிகிரி இறங்கிவிடும். ஆகவே சென்னையின் ஒரு நாள் வெப்பத்தைத் தீர்மானிப்பது வெயில் மட்டுமல்ல. கடற்காற்று எத்தனை மணிக்கு வருகிறது என்பதும்தான். 11 மணிக்கே வந்துவிட்டால், 37 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். பிற்பகல் 2 அல்லது 3 மணிவரை வராமலிருந்தால் 41, 42 என்று ஏறிக்கொண்டே போகும்.

வரவிடாமல் தடுப்பது யார்? மேற்குக் காற்று. மே இறுதியில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தை நெருங்குகிறது. அக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைமேல் ஏறும்போது ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்படுகிறது, அழுத்தப்படுவதால் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். உலர்ந்த காற்று ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி சூடாகும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரணப் பள்ளத்தாக்கு என்றொரு பாலைநிலம் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, சுற்றிலும் மலைகள். அங்கே 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவாயிற்று. மலையிலிருந்து இறங்கிச் சூடேறும் காற்றுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. நமக்கு அந்தப் பள்ளமும் இல்லை, அந்த வறட்சியும் இல்லை. ஆனால் மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில், கடற்காற்று கரையோரத்திலேயே மல்லுக்கு நின்றுவிடுகிறது.

சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. பஞ்சாங்கத்தின்படி அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்ட நாள் அது! நண்பகலில் கதிரவன் சென்னையின் நேர் உச்சிக்கு வருவதோ ஏப்ரல் கடைசி வாரத்தில். கத்திரி முடிந்தது என்று குடையை மூலையில் சாத்துவோர் இந்தத் தேதிகளைக் கவனிக்கவேண்டும்.

மேற்குக் காற்றின் வலிமையை முன்கூட்டி அறிய வழி உண்டு. மீனம்பாக்கத்திலிருந்து நாள்தோறும் விடியற்காலையில் கருவிகள் கட்டிய பலூன் ஒன்றைப் பறக்கவிடுகிறார்கள். ஒவ்வோர் உயரத்திலும் காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்ற செய்தியை அது வானொலி அலைகளால் அனுப்பிக்கொண்டே மேலே செல்கிறது. செயற்கைக்கோள் படங்களும் கணிப்பொறிக் கணக்குகளும் இதனுடன் சேர, நுங்கம்பாக்கத்தில் உள்ள வானிலை மையம் முன்னறிவிப்பை வெளியிடுகிறது. மேற்குக் காற்று கொஞ்சம் தளர்ந்தாலும் கடற்காற்று ஒரு மணி நேரம் முந்திக்கொள்ளும். கணிப்பு 2 டிகிரி பிசகிவிடும். இதற்காக வானிலையாளரைக் கேலி செய்வது நியாயமில்லை.

சரி, 'வெப்ப அலை' என்று எப்போது அறிவிக்கிறார்கள்? இந்திய வானிலைத் துறை இடத்துக்கேற்ப அளவு வைத்திருக்கிறது. சமவெளியில் 40 டிகிரி, கடற்கரையில் 37, மலையில் 30 டிகிரியாவது இருக்கவேண்டும். அதோடு இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்கவேண்டும். 2024 ஏப்ரல் இறுதியில் உதகையில் 29 டிகிரி பதிவாயிற்று. மலைக்கான அளவைத் தொட இன்னும் ஒரு டிகிரிதான் மீதி! சென்னையின் மே மாத இயல்பே 37 டிகிரியை ஒட்டியிருப்பதால், இங்கே 41.5க்கு மேல் போனால்தான் கணக்கில் வரும்.

இந்த அளவுகோலில் ஒரு குறை இருக்கிறது. காற்றின் ஈரத்தை இது பார்ப்பதில்லை. நம் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வையால். வியர்ப்பதால் அல்ல, வியர்வை உலர்வதால். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு கிராம் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும் என்பதை நினைத்துப் பாருங்கள்! காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது, வழியத்தான் செய்யும்.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிப் பார்த்தால் இது விளங்கும். 42 டிகிரி வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள உலர்ந்த ஊரில் ஈரக்குமிழ் சுமார் 24 டிகிரி காட்டும். 36 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சென்னைப் பிற்பகலில் 29 காட்டும். ஈரக்குமிழ் 35 டிகிரியை எட்டினால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் உடலும் நெடுநேரம் தாங்காது. வெயிலில் மூட்டை சுமப்பவருக்கு அதற்கு வெகு முன்பே ஆபத்து. கடற்காற்று வெப்பநிலையைக் குறைத்தாலும் ஈரத்தையும் கூடவே கொண்டுவருகிறது என்பதை மறக்கலாகாது.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப் படையின் சாகசக் காட்சி நடந்தது. அது கோடையல்ல, வெப்ப அலை அறிவிப்பும் இல்லை. ஆயினும் கடும் வெயிலில் நெரிசலில் நின்றவர்களில் பலர் மயங்கி விழுந்தனர், ஐவர் உயிரிழந்தனர். அதே மாதத்தில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவித்தொகை கிடைக்க இது வழிசெய்கிறது.

வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறித் தடுமாறினால், அது வெறும் களைப்பு அல்ல. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். உடனே 108க்குச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவிழந்தவர் வாயில் மட்டும் நீர் ஊற்றவேண்டாம், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

தியாகராய நகரைப் பற்றி ஒரு சொல். இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கி நிற்கும் இடம் ஒரு காலத்தில் நீண்ட ஏரி. 1920களில் அதைத் தூர்த்துத்தான் நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஏரி இருந்தபோது வெயிலின் வெப்பத்தில் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகியிருக்கும். இப்போது அதைச் சுவரும் மொட்டைமாடியும் வாங்கிவைத்துக்கொண்டு இரவில் திருப்பித் தருகின்றன. கிண்டிக் காட்டுப் பக்கத்திலும் அடையாற்று மரச்சோலைகளின் அருகிலும் இரவு சற்று விரைவாகத் தணியும். மேல்தளத்து அறையில் படுப்பவருக்கோ நள்ளிரவிலும் கூரை சுடும். பகலெல்லாம் வெயிலில் உழைத்த உடலுக்கு அந்த இரவுதான் ஓய்வு. வானிலை அறிக்கையில் 'குறைந்தபட்ச வெப்பநிலை' என்று இன்னொரு வரி இருக்கிறதல்லவா? அது 30க்குப் பக்கத்தில் நின்றால், மறுநாள் வேலைக்குப் போகிறவர் நேற்றைய வெப்பத்தையும் சுமந்துகொண்டுதான் வெயிலில் இறங்குகிறார்.