உள்ளங்கால் ரேகை சொல்லும் கணக்கு

பெங்களூர், மே 12: பிறந்த இரண்டு குழந்தைகள். இரண்டும் 2 கிலோ 100 கிராம். ஒன்று மாதம் நிறைந்தும் மெலிந்து பிறந்தது. மற்றொன்று 33 வாரத்திலேயே பிறந்துவிட்டது. தராசுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி தாய்க்கு நினைவில்லை, ஸ்கேனும் எடுக்கவில்லை. அப்போது டாக்டர்கள் என்ன செய்கிறார்கள்?

குழந்தையின் உடம்பையே பார்க்கிறார்கள்! உள்ளங்காலில் ரேகை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது? காது மடலை மடித்து விட்டால் நிமிர்கிறதா? கையை மார்பின் குறுக்கே இழுத்தால் முழங்கை எங்கே நிற்கிறது? இப்படி 12 அடையாளங்களுக்கு மார்க்.

கூட்டுத்தொகை 40 என்றால் 40 வாரம். ஐந்து மார்க் குறைந்தால் இரண்டு வாரம் குறைவு.

டுபோவிட்ஸ் தம்பதியர் 1970-ல் வகுத்த முறையை, அமெரிக்க டாக்டர் ஜீன் பல்லார்ட் 1979-ல் சுருக்கி, 1991-ல் திருத்தினார்.

கண்ணுக்கு ஆபத்து

34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு, எடை 2 கிலோவைத் தாண்டினாலும், 30 நாட்களுக்குள் கண் பரிசோதனை அவசியம். தவறினால் விழித்திரை கெட்டுப் பார்வையே போகக்கூடும். வெளியூர்க் குழந்தைகளும் தவறிவிடக்கூடாது என்று, பெங்களூர் நாராயணா நேத்ராலயா 2008-ல் 'கிட்ராப்' திட்டத்தைத் தொடங்கியது. காமிராவுடன் ஊழியர்கள் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கே செல்லும் திட்டம் இது.

மார்க் கணக்கு இரண்டு வாரம் முன்பின்னாகலாம். முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேனே துல்லியம். அதற்கும் முன்னால், காலண்டரில் தேதியைக் குறித்து வைப்பதற்குக் காசு செலவில்லை!