உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக் குப்பையும் முத்துக் கடலும்

● தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது பொன் நெற்றிப்பட்டங்களும் இரும்புக் கருவிகளும் மட்டும் வெளிவரவில்லை. முதுமக்கள் தாழிக்குள் இருந்த பானைகளில் நெல் உமியும் கிடைத்தது. ஆற்றோடு கீழே போனால் கொற்கை. அங்கே 1968-69இல் நடந்த அகழாய்வில் முத்துச்சிப்பி ஓடுகள் அகப்பட்டன. உமியையும் ஓட்டையுமே இவ்வளவு காலம் காத்துவைத்த மண், நாம் வீசும் நைலான் கயிற்றையும் ஷாம்பு பாக்கெட்டையும் எத்தனை காலம் வைத்திருக்கும்!

● பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்ததும் அந்தத் துணுக்கு எங்கே போகிறது? பெரும்பாலும் பாத்திரம் கழுவும் தொட்டி வழியாகச் சாக்கடைக்கு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருந்தாலும், பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே பொறுப்பு நம் கத்தரிக்கோலில்தான். மூலையை முழுதாக வெட்டாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறுங்கள். கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பொருள் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு போட்டால் யாரும் தொடமாட்டார்கள்.

● ஜவுளிக்கடையில் தருகிற, துணிபோல் மெத்தென்று இருக்கும் பை துணியல்ல, பாலிபுரொப்பிலீன். தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. பனை இத்தனை நிற்கும் தூத்துக்குடி மாவட்டத்தில் ஓலைப் பெட்டி இருக்க இந்தப் பை எதற்கு?

● நகர்ப்புற வீடுகள் குப்பையை மக்குவது, மக்காதது, அபாயகரமானது என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கட்டாயமாக்கின. தெருவில் எரிப்பதற்கும் தடை. பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் வரும். வாசலில் மூட்டம் போட்டுவிட்டு ‘சுத்தம் செய்தாயிற்று’ என்று சொல்வதை இனியாவது விட வேண்டும்.

● மீன் கழிவு நாற்றம் தாங்காமல் பாலிதீன் பையில் முடிந்து எறிகிறோம். அது நல்ல உரம். செதில், குடல், தலை எல்லாவற்றையும் சிறிதாக நறுக்கி, அதே எடை நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ சேர்த்து, காற்றுப் புகாத வாளியில் மூடி நிழலில் வையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. இருபது, முப்பது நாளில் தேன்போல் கசியும். நாற்றம் போய்ப் பழவாடை வரும். இயற்கை விவசாயிகள் சொல்லும் மீன் அமிலம் இதுதான். வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து வாழைக்கும் தெளிக்கலாம், மாடித் தோட்டத்துக் கத்தரிக்கும் தெளிக்கலாம். மீன் வாங்காத நாளே இல்லாத கடற்கரை வீடுகளில் இது ஏன் இன்னும் வழக்கமாகவில்லை என்பது என் ஆதங்கம்.

● பாபநாசத்தில் நீராடுவோர் தாமிரபரணியில் விட்டுவிட்டுப் போகும் துணிகளை டன் கணக்கில் அள்ள வேண்டியிருக்கிறது. பொதிகையில் பிறக்கும் அந்த ஆறு ஆதிச்சநல்லூரையும் ஏரலையும் கடந்து புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளம் வாய்க்காலில் கிடப்பதையெல்லாம் வாரிக்கொண்டு மன்னார் வளைகுடாவுக்குத்தான் போகும். அங்கே வளரும் முத்துச்சிப்பி நீரை வடிகட்டி உண்ணும் உயிர். அந்த நீரில் பிளாஸ்டிக் துகள் இருந்தால் அதுவும் உள்ளே போகும். தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு நடந்து அறுபது ஆண்டுக்கு மேலாகிறது. கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களில் சிப்பி செழிக்க வேண்டுமானால் நீரும் சுத்தமாக இருக்க வேண்டும்.

● மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லியின் மேல் உருக்கிப் பூசி, பிறகு தாரோடு கலந்து சாலை போடும் முறையைக் கண்டார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் சோறும் குழம்பும் ஒட்டிய கவர் இதற்கு ஆகாது.

● உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி இவற்றைக் கெட்டியான தாளில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’, ‘பிளேடு’, ‘ஊசி’ என்று உள்ளே இருப்பதை எழுதி, தூய்மைக் காவலர் வரும்போது சொல்லிக் கையில் கொடுங்கள். குப்பையைத் தரம் பிரிக்கும்போது அவர்களில் பலர் வெறும் விரலால்தான் துழாவுகிறார்கள்.